பை மட்டும் ஏறியது

தண்ணீர் ஐந்து மணிக்கு வரும். ஐந்து நாற்பதுக்கு நின்றுவிடும். சுஹாஸ் எழுந்து முதலில் டிரம்மை நிரப்பினான். பிறகு இரண்டு வாளி, பிறகு குடம். குழாயை மூடினான். டீக்குத் தண்ணீர் வைத்தான். மாமனார் தத்தாராமுக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை, ஆளுக்கு இரண்டு நேற்றைய பாவ் ரொட்டி. குளித்துச் சட்டை போட்டான். பிளாஸ்டிக் உறைக்குள் போலீஸ் காகிதத்தின் நகலும் ஒரு போட்டோவும் இருக்கின்றனவா என்று பார்த்தான். இருந்தன. ஏழு பத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே நின்ற மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. பத்லாப்பூர் ஸ்டேஷனுக்கு நடை பதினெட்டு நிமிடம்.

ஹேமாங்கி செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றான். கூரை அந்த இடத்தில் ஒழுகும். ஏழு முப்பத்தெட்டு வண்டி பத்லாப்பூரிலிருந்தே கிளம்புகிற வண்டி. காலியாக வந்து நின்று, அரை நிமிடத்தில் நிரம்பிப் போனது. அது ஹேமாங்கியின் வண்டி. நகரத்துக்குள் மஸ்ஜித் பந்தரில் ஒரு காகித மொத்தக் கடைக்குப் பில் போட நான்கு வருடம் அதில்தான் போனாள். அவன் காத்திருந்தது அடுத்ததற்கு. ஏழு ஐம்பத்திரண்டு, கர்ஜத்திலிருந்து வருவது. நேரல், ஷேலு, வாங்கணி எல்லாம் ஏறி முடித்து, வாசலில் பெண்கள் தொங்கிக்கொண்டுதான் பத்லாப்பூருக்கு வரும். இருபது விநாடி நிற்கும்.

அந்த இருபது விநாடிக்குள் போட்டோவைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை இந்தப் பெண் இந்த வாசலில் ஏறினாள், பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒரு வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நிற்கும் பெண்கள் போட்டோவைப் பார்க்க மாட்டார்கள். அவன் தலைக்கு மேலே எங்கோ பார்ப்பார்கள். இது பெண்கள் பெட்டி, தள்ளி நில் என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒன்பதாம் நாளான அன்றைக்கு அவன் வாசல் கம்பியைப் பிடித்தான். ஒரு குடைக்காம்பு அவன் விரல்கள்மேல் இறங்கியது. வண்டி நகர்ந்தது. நகர்கிற பெட்டியைத் திறந்த கையால் ஓங்கி அறைந்தான். அடுத்த பெட்டியையும் அறைந்தான். ஏழாவது பெட்டியில் உள்ளங்கை கிழிந்தது.

காவலர் ஒருவர் வந்து அவனைத் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். இன்னொரு முறை செய்தால் உள்ளே வைத்துவிடுவேன் என்றார். சுஹாஸ் தலையாட்டினான். உள்ளே வைத்தால் அங்கேயும் இதையேதான் கேட்பான்.

ரயில்வே போலீஸ் காகிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டி மோதி மரணம்.

எழுதியவர் ஹவல்தார் மானே. கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது உடல். சுஹாஸ் போய் நின்றபோது நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ரயில் பாஸ் எங்கே என்று கேட்டார். பையில் என்றான். பை எங்கே என்று கேட்டார். பை இல்லை. உடல் பத்லாப்பூருக்கும் அம்பர்நாத்துக்கும் நடுவில் கிடந்தது, பக்கத்தில் ஒரு செருப்பு, அவ்வளவுதான்.

"பை இல்ல, பாஸ் இல்ல, டிக்கெட் இல்ல. லைன்ல கெடந்தாங்க. நான் வேற என்னன்னு எழுதுறது தம்பி?"

"ஏழே முக்காலுக்கு நான்தான் ஸ்டேஷன் வாசல்ல எறக்கிவிட்டேன். நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய் எதுக்கு சாகேப் லைனக் கடக்கணும்?"

"அது அவங்களுக்குத்தான் தெரியும்," என்ற மானே, கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார். "வீட்ல அன்னைக்கு ஏதாச்சும் சண்டையா?"

சுஹாஸ் எழுந்துவிட்டான். மானே அவனை உட்காரச் சொன்னார். நஷ்டஈட்டுக்காக என்றால் அதற்கென்று வக்கீல்கள் இருக்கிறார்கள், நம்பர் தருகிறேன் என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

சண்டை எதுவும் இல்லை. அவன் அம்பர்நாத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சோதனைக்கூட வேலை. முந்தின நாள் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வர வேண்டிய மாற்று ஆள் இருபது நிமிடம் தாமதமாக வந்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடந்து போகாதே, இதோ வந்துவிடுகிறேன், வண்டியில் விடுகிறேன் என்று சுஹாஸ்தான் போன் செய்து சொன்னான். அவள் காத்திருந்தாள். ஏழு முப்பத்தெட்டு போய்விட்டது. கடையில் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். அதனால் கர்ஜத் வண்டியில் ஏறினாள். இதை அவன் மானேயிடம் சொன்னான். மானே அதை எழுதிக்கொள்ளவில்லை.

தத்தாராம் முப்பத்தோரு வருடம் தண்டவாளப் பராமரிப்பில் கேங்மேனாக இருந்தவர். மனைவி இல்லை. ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் இருந்தார். பிவ்புரியில் ரயில்வே குடியிருப்பில்தான் ஹேமாங்கி வளர்ந்தாள். வாசலைத் தாண்டினால் லைன். லைனுக்கு அந்தப் பக்கம் நாவல் மரம். ஒன்பது வயதில் பழம் பொறுக்கக் குறுக்கே ஓடினாள் என்று அவர் அவளை ஒரே ஒருமுறை அடித்தார். அதற்குப் பிறகு அவள் எந்த ஸ்டேஷனிலும் குறுக்கே இறங்கியதில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் வண்டி நின்றாலும் பாலம் ஏறி இறங்கித்தான் போவாள். வண்டி போய்விட்டால் போகட்டும் என்பாள்.

காகிதத்தை சுஹாஸ் வாசித்துக் காட்டிய அன்று அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முழுப் பூண்டையும் உரித்து முடித்தார். பிறகு பேசினார்.

"நான் எத்தன காகிதத்துல கைநாட்டு வச்சிருக்கேன் தெரியுமா மாப்ள? நாப்பது இருக்கும். உடம்பு கெடக்கும், மழ பேயும், எழுதறவனுக்கு வீட்டுக்குப் போவணும். சாட்சிக்குன்னு கேங்ல யாரயாச்சும் கூப்புடுவான். கடந்தான்னு எழுது, கைநாட்டு வை. வச்சேன். ஒருத்தனையும் கடந்தானான்னு கேக்கல." தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். "என் மக கடக்கல."

பதிமூன்றாம் நாள் சாப்பாடு வைக்க வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்டார்கள். காகிதத்தில் இருக்கிற பெண் தன் மகள் இல்லை, யாரோ ஒருத்திக்குத் தான் எப்படிச் சடங்கு செய்வது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

காவலர் விட்ட பிறகு சுஹாஸ் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பின்னால் மீனல் வந்து நின்றாள். ஏழு முப்பத்தெட்டின் பெண்கள் பெட்டிக்கு அவள்தான் தலைவி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வயது ஐம்பதை நெருங்கியிருந்தாள். யார் எந்த ஸ்டேஷன் வரைக்கும் உட்கார வேண்டும், எங்கே எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும், யார் பிறந்தநாளுக்கு யார் கேசரி கொண்டுவர வேண்டும் எல்லாம் அவள் கணக்கு. குளிர்காலத்தில் அந்தப் பெட்டியில் கிலோக் கணக்கில் பட்டாணி உரிப்பார்கள். நான்காம் நாள் அந்தக் கூட்டத்துப் பெண்கள் பதினைந்து பேரும் பழத்தோடு வீட்டுக்கு வந்து அழுதார்கள். ஹேமாங்கி உட்காரும் ஜன்னல் கம்பியில் பூச்சரம் கட்டியிருக்கிறோம் என்றார்கள்.

எங்கள் வண்டியாக இருந்திருந்தால் என்று அன்றைக்கு மீனல் ஆரம்பித்தாள். சுஹாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் முடிக்காமல் நிறுத்திவிட்டாள்.

எங்கள் வண்டி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஏழு முப்பத்தெட்டு அம்பர்நாத்தில் நிற்கும்போது இந்தப் பதினைந்து பேரும் என்ன செய்வார்கள் என்று ஹேமாங்கியே கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். யாரும் ஏற முடியாதபடி வாசலில் நான்கு பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்பார்கள். அம்பர்நாத்துக்காரிகளுக்குத் தனி வண்டி இருக்கும்போது இதில் என்ன வேலை? ஒருத்தி எப்படியோ இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டாளாம். வாடகை குடுத்துட்டியாடி என்று மீனல் கேட்டாளாம். சொல்லிவிட்டு ஹேமாங்கி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். நன்றாகத்தான் சிரித்தான்.

இப்போது மீனல் அவன் கையைப் பார்த்தாள். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீ இங்க நின்னு ஒரு வருஷம் கத்துனாலும் ஒருத்தியும் வாயத் தொறக்கமாட்டா. ஆம்பளகிட்ட சொல்லமாட்டாங்க. நான் போறேன்."

"நீங்க போனா மட்டும் ஏத்திக்குவாங்களா?"

"இங்கேருந்து ஏறுனாத்தான ஏத்தமாட்டாங்க."

அடுத்த நாள் அவள் விடியலில் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் வாங்கணிக்குப் போனாள். அங்கிருந்து ஏழு ஐம்பத்திரண்டில் வாங்கணிக்காரி மாதிரி ஏறி வந்தாள். கழுத்தில் பத்லாப்பூர் பாஸ் தெரியாமல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாளாம். சனிக்கிழமையும் அப்படியே போனாள். சனிக்கிழமை மாலை சுஹாஸின் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடி சொன்னாள். பை ஷேலுவில் இருக்கிறது. வாசலில் நிற்கிறவளின் பெயர் சுலபா, முலுண்டில் ஒரு மெஸ்ஸில் சமையல். அன்றைக்கு என்ன நடந்தது என்று அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

"இத்தன நாளா பேசாம உக்காந்திருக்காளுக, தேவடியாளுங்க," என்றாள் மீனல்.

தத்தாராம் மூலையிலிருந்து கேட்டார். "உன் வண்டியில விழுந்திருந்தா நீ பேசியிருப்பியாம்மா?"

மீனல் செருப்பை மாட்டும்போது தடுமாறினாள். படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சுஹாஸ் ஷேலுவில் இறங்கினான். மழை விடவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் வயல் முழுக்க நாற்று நட்டிருந்தார்கள். தகரக் கூரை வீடுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது வீட்டைக் காட்டினார்கள். அவள் வாசல் பக்கத்து அடுப்பில் அரிசிமாவு பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி, ஒடிசலான உடம்பு, கை மட்டும் பெரிய கை. அவனைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். ஒரு வாரமாக அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு போன கண்கள்தான்.

"மழையில நிக்காதீங்க," என்றாள்.

அவன் கூரைக்குக் கீழே வந்தான். உட்காரவில்லை. "பை இருக்கா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பழைய சேலைத் துணியில் சுற்றிய பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பழுப்பு ரெக்ஸின் பை. உள்ளே பாஸ், சீப்பு, மடித்த பிளாஸ்டிக் கவர், டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் காலியாக, பளிச்சென்று இருந்தது.

"டப்பாவ மட்டும் கழுவிட்டேன். நாத்தம் வந்துருச்சு."

"என்ன இருந்துச்சு?"

"முளகட்டுன பயறு. ரெண்டு சப்பாத்தி. ஒரு துண்டு வெல்லம்."

அவனுக்கு அது தெரியாது. அன்றைக்கு என்ன கட்டிக்கொண்டு போனாள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பாஸை எடுத்துத் தேதி பார்த்தான். இன்னும் பத்தொன்பது நாள் செல்லும்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"ஏறுனவுடனே குடுத்தாங்க. வாசல்ல நிக்கிறவங்க பைய உள்ள குடுத்துருவாங்க. கை மாத்தி மாத்தி உள்ள போயி கொக்கியில மாட்டிருவோம். யாரு குடுத்தாலும் வாங்குவோம். அது வழக்கம்."

"பைக்கு எடம் இருந்துச்சு."

அவள் மாவை உருட்டினாள். தட்டில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். கை நிற்கவில்லை. பாக்ரி வட்டமாக விரிந்துகொண்டே போனது.

"உங்களத்தான் கேக்குறேன். தள்ளுனீங்களா?"

"தள்ளல." பாக்ரியைத் தூக்கிக் கல்லில் போட்டாள். மேலே தண்ணீர் தடவினாள். "நகரல."

"ஏன்?"

"உங்களுக்கு பத்லாப்பூர்லேருந்தே வண்டி இருக்கு. காலி வண்டி. உக்காந்துட்டுப் போவாங்க, பட்டாணி உரிச்சுக்கிட்டுப் போவாங்க. எங்களுக்குக் காலையில மூணே வண்டி. பதினாறு வருஷமா நின்னுகிட்டு வர்றேன். இறங்குனதும் நூத்தம்பது பேருக்குச் சப்பாத்தி போடணும், அதையும் நின்னுகிட்டே. பத்லாப்பூர்க்காரி ஒருத்தி ஏறுனா எனக்கு உடம்பு பத்திக்கிட்டு வரும். அவங்க வண்டிய விட்டுட்டு எங்க வண்டிக்கு வர்றாளேன்னு." திருப்பிப் போட்டாள். "அதான் நகரல. நான் பின்னாடி ஒரு அடி வச்சிருந்தா எடம் இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். இருந்துச்சு."

"விழுந்தவுடனே சங்கிலிய இழுத்தீங்களா?"

அவள் பாக்ரியின் ஓரத்தை அழுத்தினாள்.

"இழுத்தீங்களா?"

"இழுக்கப் போனா ஒருத்தி. வேணாம், எல்லாருக்கும் லேட்டாயிரும்னு இன்னொருத்தி சொன்னா. யாருன்னு சொல்லமாட்டேன்."

சுஹாஸ் குனிந்து மாவுத் தட்டைத் தூக்கி வெளியே எறிந்தான். தட்டு சேற்றில் உருண்டுபோய் விழுந்தது. மாவு மழையில் கரைந்து வெள்ளையாக ஓடியது. மாவு டப்பாவையும் உதைத்தான். உள்ளேயிருந்து அவள் புருஷன் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தான். சுஹாஸ் கையை ஓங்கவில்லை. பிடித்தவனின் முகத்தையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க அவர," என்றாள் சுலபா. "மாவுதான."

புருஷன் விடவில்லை. ஒரு பொம்பளை வீட்டில் புகுந்து ரகளை செய்கிறான், போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடுங்கள், நானும் அவர்களிடம்தான் போகிறேன் என்றான் சுஹாஸ். பையும் பாஸும் மட்டும் கொண்டுபோனால் எங்கிருந்தோ பொறுக்கி வந்ததாகச் சொல்வார்கள் என்றும், வாசலில் பார்த்தவள் வந்து சொன்னால்தான் எழுதுவார்கள் என்றும் சொன்னான். புருஷன் அவளைப் பார்த்து, நீ எங்கேயும் போகக் கூடாது என்றான். இருபது பேர் நின்ற வாசல், உன் பெயர் மட்டும் எதற்கு என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

அவள் கல்லில் கருகிக்கொண்டிருந்த பாக்ரியை எடுத்து ஓரமாகப் போட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"என்னைய உள்ள வப்பாங்களா?"

"தெரியாது," என்றான் சுஹாஸ்.

"வைக்கமாட்டாங்கன்னு சொல்லிக் கூப்பிடலாமில்ல?"

"சொல்லலாம்."

அவன் அதைச் சொல்லவில்லை. அவளுக்காக ஒரு பொய்கூடச் சொல்ல அவனுக்கு மனமில்லை.

அவள் சேற்றில் இறங்கித் தட்டை எடுத்துவந்து கழுவிக் கவிழ்த்து வைத்தாள். புருஷன் திட்டிக்கொண்டே இருந்தான். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.

திங்கள்கிழமை பத்தரைக்கு ரயில்வே போலீஸ் நிலையத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மானே ஒரு பக்கம். எதிரே சுலபா, சுஹாஸ், தத்தாராம். மேசைமேல் பை. தத்தாராம் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். சுலபா வேலைக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். அவளும் அவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

மானே முதலில் மறுத்தார். காகிதம் மேலே போய்விட்டது, எழுதியதை இனிக் கிழிக்க முடியாது என்றார். கிழிக்க வேண்டாம், இன்னொன்று எழுதுங்கள் என்றார் தத்தாராம். அந்தக் காகிதம் எந்த வழியாகப் போகும், அதன் பின்னால் வாக்குமூலத்தை எப்படிச் சேர்த்து அனுப்பலாம் என்று அவரே சொன்னார். முப்பத்தோரு வருடத்தில் அது அவருக்கு அத்துப்படி. மானே அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தார்.

சுலபாவிடம் கேட்டார். "இத எழுதுனா உங்க மேலயே நீங்க எழுதிக் குடுக்குற மாதிரி. புரியுதா?"

"புரியுது."

"யாராச்சும் மெரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?"

சுலபா சுஹாஸைப் பார்த்தாள். "இல்ல. மாவக் கொட்டுனாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எந்தப் பெட்டி, எந்த வாசல், எந்தக் கம்பி என்று மானே ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுக்கம்பியில் சுலபாவின் முதுகு. வெளிக்கம்பியில் ஹேமாங்கியின் வலது கை. கம்பி நனைந்திருந்தது. ஹேமாங்கியின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் காற்றில். வண்டி வேகமெடுத்தது. அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நான் நகரவில்லை என்று அவள் சொன்னபோது மானேயின் பேனா நின்றது. அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றாள்.

ஓடும் வண்டியிலிருந்து விழுந்து என்று மானே எழுதினார். அந்த வரியைப் படிக்கச் சொன்னார் தத்தாராம். மானே படித்தார். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். மானே இன்னொருமுறை படித்தார். தத்தாராம் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

சுஹாஸுக்கு எதுவும் இறங்கவில்லை. காகிதம் சரியானால் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கும் என்று நினைத்திருந்தான். சுலபாவின் பெரிய கை மேசை ஓரத்தில் இருந்தது. அந்தக் கையை முறிக்க வேண்டும்போல இருந்தது. அந்த வாசலில் நின்ற இருபது பேரின் கையையும், ஏழு முப்பத்தெட்டில் நிற்கிற நான்கு பேரின் கையையும். காத்திரு என்று சொல்லப் போனை எடுத்த தன் கையையும். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது.

மானே தாளைத் திருப்பினார். இந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்றார். அது எல்லா வாக்குமூலத்திலும் கேட்கிற கேள்வி. விழுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஏதாவது சொன்னாளா?

சுலபா கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மானேயிடம் சொல்லாமல் சுஹாஸின் பக்கம் திரும்பி, ஹேமாங்கி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அம்பர்நாத்ல எறங்கிடுறேன் அக்கா. அதுவரைக்கும் இன்னொரு காலையும் உள்ள வச்சிக்கிறேன்."